பரிசும் பார்வையும்: விளையாட்டுலகத் திரைப்பிடிப்பு நிகழ்வுகள் பற்றி ஒரு மறுப்புரை

இணையவழிக் கணனி விளையாட்டுகள் பல, ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் புகுந்து, பெயர் சூடி, வேடம் பூண்டு, குழுக்களாய்த் திரியும் கற்பனை நிலப்பரப்புகளாக விரிந்துள்ளன. அந்நிலப்பரப்புகளிலே தாம் காணும் காட்சியொன்றை விசையொன்றை அழுத்தி நிறுத்திப் படமாகச் சேமித்துக்கொள்வது விளையாடுவோரின் வழக்கம். ஸ்கிறீன்ஷொட் எனப்படும் இப்படத்தை இங்குத் திரைப்பிடிப்பு என்போம். ஒரு பொருளை அறிவித்து, குறித்த காலத்துள் அப்பொருள் தழுவிய திரைப்பிடிப்புகளைத் திரட்டிப் பகிரும் நிகழ்வுகள் அச்சமூகங்களில் வழமையாகிவிட்டன. ‘நீர்நிலைகள்’, ‘பனிக்காலம்’, ‘தோழமை’ என்றவாறு பொருள் அறிவிக்கப்படுகின்றது; படங்கள் குவிகின்றன; வாக்கெடுப்பு நடைபெறுகின்றது; வென்றவருக்குப் பரிசு வழங்கப்படுகின்றது; அத்துடன் யாவும் மறக்கப்படுகின்றன.

இந்நிகழ்வுகள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இவை வேலையற்றோரின் பொழுதுபோக்கு, அறிவுலகம் பொருட்படுத்தற்குரியன அல்ல என்பது ஒன்று. இவை உற்சாகமூட்டும் போட்டிகள், பரிசும் வாக்கும் இருந்தாற்போதும் என்பது மற்றொன்று. முன்னையது கற்றோரின் அலட்சியம். பின்னையது நிகழ்வுகளை ஒழுங்குசெய்வோரின் மெத்தனம். இரண்டுமே தவறானவை என்பதும், இரண்டாவதே கூடிய கேடு விளைப்பது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் கற்றோரின் மறுப்பினை நோக்குவோம். “அவ்வுலகை ஆக்கியவர்கள் நிறுவனத்தின் ஓவியர்கள்; ஒளியை அமைத்தது கணனி; விசையை அழுத்துபவன் செய்த படைப்பு யாது?” என்று அவர்கள் வினவுவர். இவ்வினா புதியதன்று. 1859 ஆம் ஆண்டுப் பாரிஸ் ஓவியக் கண்காட்சி பற்றி எழுதிய போதலேயர், புகைப்படம் கலைகளுக்கும் அறிவியல்களுக்கும் பணியாளாக அடங்கியிருத்தலே தகும் என வாதிட்டார். தெருவை அமைத்தவன் புகைப்படக்காரன் அல்லன். வெயிலைப் படைத்தவனும் அல்லன். எங்கு நிற்பது, எப்பொழுது நிற்பது, எதனைச் சட்டத்துக்குள் அடக்கி எதனை விலக்குவது என்ற தெரிவே அவனது தொழில். அத்தெரிவு விளையாட்டுலகிலும் உண்டு.

அயர்லாந்துக் கலைஞர் அலன் பட்லர் 2015 இல் தொடங்கிய படத்தொகுதி இதற்குத் தக்க சான்றாகும். 2013 இல் வெளிவந்த ‘கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ 5’ என்னும் விளையாட்டு, லொஸ் ஏஞ்ஜலிஸ் நகரை ஒத்த லொஸ் சன்ரொஸ் என்ற கற்பனை நகரில் நிகழ்வது. கொள்ளையும் வேகமுமே அதன் உயிர்நாடி. அந்நகரின் பாலங்களுக்கு அடியிலும் நடைபாதைகளிலும் வீடற்ற ஏழை மாந்தர் சிலர் பின்னணி அலங்காரமாக வைக்கப்பட்டுள்ளனர். காரில் விரைபவன் கண்ணில் அவர்கள் படுவதில்லை. பட்லர் அவ்விளையாட்டின் பாத்திரம் கையில் வைத்திருக்கும் தொலைபேசிக் கமராவினாலேயே அவர்களைத் தேடிப் படம்பிடித்தார். 1933 இல் வெளியான ஜோர்ஜ் ஓர்வெலின் நூற்பெயரை நினைவூட்டும் தலைப்பினையும் அத்தொகுதிக்கு இட்டார். நிறுவனம் அலங்காரமாக வைத்ததை அவர் பொருளாக்கினார். ஒரு பொருளை வரையறுத்துக்கொண்டு தேடியமையாலேயே அது கைகூடிற்று. பொருள் கொடுத்துப் படம் திரட்டும் நிகழ்வொன்றின் உள்ளார்ந்த ஆற்றல் இதுவே.

இத்தகைய படங்கள் வெறும் விளையாட்டு என்போர் 2020 ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் கருதுதல் வேண்டும். பெருந்தொற்றினால் மக்கள் வீடுகளுள் அடைபட்டிருந்த அவ்வாண்டு மார்ச்சு மாதம் ‘அனிமல் குரொஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளிவந்தது. ஹொங்கொங்கின் ஜோஷுவா வொங் அவ்விளையாட்டில் அமைத்த தம் தீவிலே எதிர்ப்புப் பதாகைகளை நாட்டி, அக்காட்சியைப் படமாகப் பகிர்ந்தார். ஏப்பிரிலில் அவ்விளையாட்டு சீனப் பெருநிலத்தின் இணையக் கடைகளிலிருந்து அகன்றது. பொழுதுபோக்குக்கு எவரும் இவ்வளவு அஞ்சுவதில்லை.

இனி ஒழுங்கமைப்பாளரிடம் வருவோம். நம் மரபிலே ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச்செய்யும் வழக்கம் உண்டு. ஒரே அடியைப் பத்துப் புலவர் பத்து வழியிற் சென்று தொடுவர். கேட்போன் பெறும் இன்பம் ஒரு பாட்டிலே தங்கியிருப்பதன்று. பத்துப் பாட்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் அது பிறக்கின்றது. பொருள் தழுவிய திரைப்பிடிப்பு நிகழ்வும் இவ்வகையினதே. ‘கதவுகள்’ என்று பொருள் கொடுத்தால், ஒருவர் கோட்டை வாயிலைக் காட்டுவார். ஒருவர் எக்காலத்தும் திறவாத, வெறும் சுவரில் வரையப்பட்ட பொய்க்கதவைக் காட்டுவார். ஒருவர் தம் நண்பர் கடைசியாக நுழைந்து சென்ற வாசலைக் காட்டுவார். மூன்றையும் அருகருகே வைக்கும்போதுதான் அவ்வுலகம் எவ்வாறு கட்டப்பட்டது, அதில் மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பன புலனாகின்றன.

போட்டி இத்தொகுதியைச் சிதைக்கின்றது. வாக்கெடுப்பில் வெல்பவர் பெரும்பாலும் நண்பர் தொகை மிக்கவர். அல்லது முதலாவதாகப் படம் இட்டவர். அல்லது விலையுயர்ந்த கணனியும் காசு கொடுத்து வாங்கிய ஆடையணிகளும் உடையவர். பழைய கணனியில், மங்கிய காட்சியில், எவரும் செல்லாத மூலையொன்றைக் கண்டுபிடித்தவர் பின்தள்ளப்படுகிறார். அடுத்த நிகழ்விலே யாவரும் சென்ற முறை வென்ற படத்தைப் பார்த்துப் படம்பிடிக்கின்றனர். அந்திவானம், மலைமுகடு, முதுகு காட்டி நிற்கும் வீரன், கையில் ஒளிரும் வாள் என்ற வாய்பாடு உருவாகிவிடுகின்றது. பொருள் எதுவாயினும் படம் ஒன்றே! பார்வையைப் பன்மைப்படுத்தப் பிறந்த நிகழ்வு பார்வையை ஒருமைப்படுத்தி முடிகின்றது.

இப்போட்டிகளால் உண்மையிற் பயனடைவோர் யாவர் என்றும் நாம் கேட்டாக வேண்டும். 1999 இல் ‘பொக்கெமொன் ஸ்னப்’ படம்பிடித்தலையே விளையாட்டாக்கியது. 2004 இல் யப்பானில் வெளிவந்த ‘கிரான் ருரிஸ்மோ 4’ கார்களைப் படம்பிடிப்பதற்கெனத் தனிமுறையொன்றை வழங்கிற்று. 2013 இன் பிளேஸ்ரேஷன் 4 கைப்பிடியில் பகிர்வதற்கென்றே ஒரு பொத்தான் பதிக்கப்பட்டது. 2016 இல் என்விடியா நிறுவனம் ‘அன்செல்’ என்னும் படப்பிடிப்புக் கருவியை அறிமுகஞ் செய்தது. கருவிகள் வரவேற்கத்தக்கனவே. ஆனால் பகிரப்படும் ஒவ்வொரு படமும் கூலி கொடாமற் கிடைக்கும் விளம்பரம் என்பதை நிறுவனங்கள் நன்கறியும். நிறுவனங்களே நடத்தும் போட்டிகளின் விதிகளில், அனுப்பிய படங்களை அவை விரும்பியவாறு பயன்படுத்தும் உரிமை எழுதிவைக்கப்பட்டிருத்தல் வழமை. ஓர் ஆடையோ ஒரு குதிரையோ பரிசாகக் கிடைக்கின்றது. அதுவும் அவ்வுலகிலேயே செல்லுபடியாகும் பரிசு. நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு கைமாறிவிடுகின்றது.

படத்தினுள்ளேயே நிறுவனத்தின் கை நுழைந்த வரலாறும் உண்டு. ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ற்’ விளையாட்டில் எடுக்கப்பட்ட திரைப்பிடிப்புகளிலே, கண்ணுக்குப் புலனாகாத நீர்க்குறியொன்று பதிந்திருத்தலை 2012 இல் விளையாடுவோரே கண்டறிந்தனர். பயனரின் கணக்கைச் சுட்டும் அடையாளம், படம் எடுத்த நேரம், சேவையகத்தின் முகவரி ஆகியன அதில் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. தமது படம் என எண்ணிப் பகிர்ந்தவர்கள் தம்மைப் பற்றிய குறிப்பையும் உடன் பகிர்ந்துகொண்டிருந்தனர். படம்பிடிப்போருக்கும் படத்துக்கும் இடையிலான உறவு அத்துணை எளியதன்று என்பதை இஃது உணர்த்துகின்றது.

இவற்றினும் பாரிய விடயம் ஒன்றுண்டு. இவ்வுலகங்கள் அழியக்கூடியன. 2003 இல் தொடங்கிய ‘ஸ்ரார் வோர்ஸ் கலக்ஸீஸ்’ 2011 டிசெம்பர் 15 ஆம் திகதி மூடப்பட்டது. ‘ஃபைனல் பன்ரசி 14’ இன் முதல் வடிவம் 2012 நவெம்பர் 11 ஆம் திகதி நிறுத்தப்பட்டு, 2013 இல் வேறோர் உலகமாக மீளக் கட்டப்பட்டது. 2004 இல் பிறந்த ‘சிற்றி ஒஃப் ஹீரோஸ்’ 2012 நவெம்பர் 30 ஆம் திகதி அணைந்தது. நூலொன்றின் பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் நம் அலுமாரியில் இருக்கும். இங்கு அவ்வாறன்று. உலகம் நிறுவனத்தின் சேவையகத்தில் வாழ்வது; சேவையகம் அணைந்ததும் நம் கையிலுள்ள இறுவட்டு பயனற்ற தகடாகின்றது. அங்கு வாழ்ந்தோரிடம் எஞ்சுவன நினைவும் படங்களுமே.

பரிசில்லாவிடில் எவரும் வாரார் என்பது ஒழுங்கமைப்பாளரின் நிரந்தர வாதம். ‘சிற்றி ஒஃப் ஹீரோஸ்’ மூடப்படும் என்ற செய்தி 2012 ஓகஸ்ற் இறுதியில் வெளியானபின், செப்ரெம்பரில் விளையாடுவோர் அட்லஸ் பார்க் என்னும் இடத்திலே தீப்பந்தங்களுடன் கூடினர். எப்பரிசும் அவர்களை அழைக்கவில்லை. தாம் வாழ்ந்த இடம் போகின்றது என்ற உணர்வே அழைத்தது. அவ்விளையாட்டு பின்னர் ஆர்வலர் முயற்சியால் 2019 இல் மீண்டும் இயங்கத் தொடங்கியதும், 2024 இல் உரிமையாளரான என்சிசொஃப்ற் நிறுவனம் அவர்களுட் சாராருக்கு முறையான அனுமதி வழங்கியதும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் தெருக்கள் மீளலாம். அன்று மாலை அங்கு நின்றவர்களின் கூட்டம் மீளாது. அக்கூட்டத்தைக் காட்டுவன அன்று எடுத்த படங்களே. அவற்றுள் எது ‘சிறந்த படம்’ என்று வாக்கெடுப்பது எத்துணைப் பொருந்தாச் செயல் என்பதை வாசகரே உணர்வர்.

ஆகவே இந்நிகழ்வுகள் கூட்டுச் சாட்சியமாக அமைதல் வேண்டும் என்கிறோம். அவ்வாறு அமைதற்குரிய வழிகளைச் சுட்டாது கண்டித்தல் மட்டும் முறையாகாது.

பொருள், பண்பைக் குறிக்காமற் பொருட்களையும் செயல்களையும் குறித்தல் நன்று. ‘அழகு’, ‘வீரம்’ என்றால் வாய்பாடே வந்து சேரும். ‘பெயர்ப்பலகைகள்’, ‘மக்கள் காத்துநிற்கும் இடங்கள்’, ‘பாதை முடிவடையும் இடம்’ என்றால் விளையாடுவோர் எழுந்து தேடிப்போவர். தேடிப்போகச் செய்யாத பொருள் பயனற்றது.

அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தது. இங்கும் அஃது ஒரு நல்ல விதி. ஒவ்வொரு படத்துடனும் இடத்தின் பெயர், எடுத்த திகதி, சேவையகத்தின் பெயர் ஆகியன கேட்டுப் பெறப்படல் வேண்டும். நிலமும் பொழுதும் அற்ற படம் பத்தாண்டின்பின் எவருக்கும் எதையும் சொல்லாது.

திரையின் ஓரத்திலுள்ள உரையாடற் பெட்டி, உயிர்மானி போன்றவற்றை மறைத்தே படம் அனுப்புக எனப் பல நிகழ்வுகள் விதிக்கின்றன. இவ்விதி கைவிடப்படல் வேண்டும். படம் தூய்மையுற வேண்டும் என்ற ஆசையில், அவ்வுலகில் மக்கள் எவ்வாறு பேசினர், எவ்வாறு விளையாடினர் என்பதற்கான சான்றையே நாம் துடைத்தெறிகின்றோம். ஆயின் அதிற் பிறர் பெயரோ உரையாடலோ காணப்படுமாயின் அவர்தம் இசைவு பெறுதல் அல்லது அவற்றை மறைத்தல் கட்டாயமாகும். திருத்தப்பட்ட படங்களை ஏற்கலாம். திருத்தம் செய்யப்பட்டமை கூறப்படல் வேண்டும்.

வாக்கெடுப்புக்குப் பதிலாக, முறைவைத்து மாறும் மூவர் குழுவொன்று எல்லாப் படங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியேனும் குறிப்பெழுதலாம். விசையழுத்தி இடும் நூறு விருப்பக்குறிகளிலும், தன் படத்தை ஒருவர் நின்று பார்த்தார் என்பதற்குச் சான்றான அவ்விரு வரிகள் மேலானவை. நிறைவு நாளிலே பங்குபற்றியோர் யாவரும் விளையாட்டுக்குள்ளேயே கூடி, படங்களிற் கண்ட இடங்களுக்கு ஒருங்கே சென்றுவருதல் சாலச்சிறந்தது. படம் எடுத்தவரே அவ்விடத்தில் நின்று சில சொற்கள் கூறுவாராக. வென்றவர், தோற்றவர் என்ற பிரிவுக்கு அங்கே இடமில்லை.

இறுதியாக, சேமிப்பு. படங்களை ஒரே நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் விட்டுவைத்தல் அறிவீனம். பிளிக்கர் என்னும் புகழ்பெற்ற படப்பகிர்வுச் சேவை, வன்கூவரில் லூடிகோர்ப் நிறுவனம் ஆக்க முயன்ற ‘கேம் நெவரெண்டிங்’ என்னும் இணைய விளையாட்டொன்றின் கிளையாக 2004 இற் பிறந்தது. விளையாட்டு மறைந்தது, படப்பகிர்வு நிலைத்தது. ஆயினும் கைமாறிய அச்சேவையும் 2018 இல், இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என வரையறுத்து, மிகுதியானவை நீக்கப்படும் என அறிவித்தது. எனவே மூலப்படங்களின் பிரதிகள் குறைந்தது இரு உறுப்பினர்களிடம், அவர்தம் சொந்தச் சேமிப்பில் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் தேவையில்லை, பொறுமையே தேவை. இவ்வுலகங்களை ஆக்குவதும் அழிப்பதும் நிறுவனங்களின் கையில் இருக்கலாம். அங்கு வாழ்ந்தோர் எதனைக் கண்டனர், எவருடன் நின்றனர் என்பதைப் பதிந்துவைப்பது வாழ்ந்தோரின் கையிலேயே உள்ளது. அவ்வுரிமையை ஒரு பரிசுக் குதிரைக்கு விற்றுவிடுதல் பெரும் பேதைமை. அடுத்த நிகழ்வுக்குப் பொருள் தேர்வோர், வெல்லப்போவது யார் என்று எண்ணுவதை விடுத்து, அவ்வுலகம் நாளையே அணையுமாயின் எதனை எவரும் பதிந்திருக்கமாட்டார் என்று எண்ணிப் பார்ப்பாராக. அதுவே தக்க பொருள்.