சிவப்புப் புள்ளிக்குப் பயந்து கெமராவை விற்காதீர்கள்



கல்யாண வீடியோ எடுக்கும் நம் ஊர்த் தம்பிமாரிடம் ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரே இடத்தில் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு புள்ளி. கடைக்குக் கொண்டுபோனால், "சென்சர் போயிட்டு, மாத்தணும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் பாதிக் கெமராவின் காசு. உம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய கெமராவைத் தம்பி பயத்தில் வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.

மெனுவைக்கூடத் திறந்து பார்க்காமல் இப்படிச் சொல்வது ஒன்றில் அறியாமை, அல்லது ஏமாற்று. இரண்டுக்கும் நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

விஷயம் இதுதான். 24 மெகாபிக்சல் என்றால் சென்சரில் 2 கோடி 40 இலட்சம் ஒளியுணரும் புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒரு நிற வடிகட்டி இருக்கும். வெளிச்சம் படாமலே ஒரு புள்ளியில் மின்னேற்றம் சேர்ந்தால் அந்த நிறம் படத்தில் விழும். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும்போதோ கெமரா சூடேறும்போதோ மட்டும் தெரிந்தால் ஹொட் பிக்சல். எல்லாப் படத்திலும் தெரிந்தால் ஸ்டக் பிக்சல். புதுக் கெமராவிலும் இவை உண்டு. தொழிற்சாலையிலேயே அவற்றைக் கண்டுபிடித்து, கெமராவின் நினைவகத்தில் குறித்து, மறைத்துத்தான் அனுப்புகிறார்கள். காலம் போகப் புதியவை சேரும்.

சூடு இதைக் கூட்டும். சென்சரின் வெப்பநிலை 6 முதல் 8 பாகை செல்சியஸ் ஏறினால் இந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபத்துக்குள் மணிக்கணக்காக வீடியோ ஓடினால், கல்லடிப் பாலத்தில் நின்று இரவு வாவியை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தால், புள்ளி தெரியத்தான் செய்யும்.

கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். லென்ஸை மூடி சில படங்கள் எடுத்து, கணினியில் பெருப்பித்துப் பாருங்கள். கெமராத் திரையில் மட்டும் தெரிந்தால் பழுது திரையில்தான், சென்சரில் இல்லை. வெளிச்சமான படத்தில் மங்கலான சாம்பல் பொட்டாகத் தெரிந்தால் அது வெறும் தூசு.

சென்சர் புள்ளிதான் என்றால் மெனுவில் 'பிக்சல் மெப்பிங்' இருக்கிறதா என்று தேடுங்கள். ஒலிம்பஸ், புஜிபில்ம் கெமராக்களில் அந்தப் பெயரிலேயே இருக்கும். பெனசொனிக்கில் 'பிக்சல் ரிப்ரெஷ்'. சோனியின் புதிய மொடல்களிலும் உண்டு. பட்டரியை நிரப்பி, கெமராவை ஆறவிட்டு இயக்குங்கள். பழுதான புள்ளியைக் கெமரா குறித்துக்கொண்டு, பக்கத்துப் புள்ளிகளின் அளவைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். கெனன் வைத்திருப்போர் பலர், மூடியைப் போட்டபடி, கையால் சென்சர் சுத்தம் செய்யும் தெரிவில் அரை நிமிடம் விட்டு அணைத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இரவுப் படங்களுக்கு 'லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன்' போதும். ரோ படங்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளிலும் இதற்கு வழி இருக்கிறது. சென்சரைத் தேய்க்க மட்டும் போகாதீர்கள். தேய்த்து இந்தப் புள்ளி போகாது.

1990இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் சென்சர்களில் விண்வெளிக் கதிர்வீச்சால் ஹொட் பிக்சல்கள் ஓயாமல் பெருகுகின்றன. நாசா அதை வீசிவிட்டதா? மாதம் ஒரு தடவை சென்சர்களின் குளிரூட்டலை நிறுத்திச் சூடேற விடுகிறார்கள். பெரும்பகுதி சரியாகிவிடுகிறது. மிஞ்சியதைக் கணக்கில் கழிக்கிறார்கள். அவர்கள் கழித்துப் பார்க்கும் புள்ளிக்கு நாம் கெமராவையே விற்பதா?

"கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பிழைக்கட்டும். மெப்பிங் செய்து கொடுத்து அதற்குரிய கூலியை வாங்கட்டும், சந்தோசமாகக் கொடுப்போம். மெய்யாகவே சென்சர் பழுதாவதும் உண்டு. மண்டபத்தின் லேசர் வெளிச்சம் நேரே பட்டால் புள்ளிகளும் கோடுகளும் விழுந்துவிடும். கோடு விழுந்தால் மெப்பிங் கைகொடுக்காது. அப்போது கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் எது எதுவென்று பார்த்துச் சொல்வதுதான் தொழில்.

விற்கிறவர்களுக்கும் ஒரு சொல். புள்ளியை மறைத்து, பகல் படத்தை மட்டும் காட்டிப் பழைய கெமராவை அடுத்தவர் தலையில் கட்டுகிறீர்கள். பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது ஹலாலான வியாபாரமா? ஐந்து வேளை ஒரே ஸப்பில் நிற்கும் மனிதருக்குத்தானே விற்கிறீர்கள்!

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியதை நாம் மறக்கவில்லை. அன்று எட்டாமல் போன கெமரா விலை இன்றும் பல பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ஆகவே பாடசாலை ஊடகப் பிரிவுகளின் கெமராக்களை, ஒரு புள்ளி விழுந்ததற்காகப் பாவனைக்கு உதவாதவை என்று எழுதி அலுமாரிக்குள் பூட்டாதீர்கள். பிள்ளைகளின் கையில் கொடுங்கள். லென்ஸை மூடிச் சோதிக்கவும் மெப்பிங் செய்யவும் அவர்களே பழகட்டும். நாளை எந்தக் கடையிலும் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது, இன்ஷா அல்லாஹ்.

கெமரா வைத்திருக்கும் ஒரு தம்பிக்காவது இதை அனுப்பி வையுங்கள்.