மணி ஏன் எப்போதும் ஓடுகிறான்?

கடந்த பருவத்தில் எங்கள் குழுப்பணிக்காக ஒரு சிறிய காணொளி விளையாட்டை உருவாக்கினோம். நான் பல்லூடகத் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. குழுவில் ஐந்து பேர்: இரண்டு மலாய்த் தோழிகள், இரண்டு சீன நண்பர்கள், நான். கதை கோலாலம்பூரில் நடக்கிறது. ஆறு கதாபாத்திரங்களில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து ஆடலாம். ஒருத்தி வில் எய்வாள், ஒருவன் சுவரில் ஏறுவான், இன்னொருவன் கணினியை ஊடுருவுவான். ஐந்தாவது, மணி என்ற தமிழ்ப் பையன். குண்டு உடம்பு, கையில் வடைப் பொட்டலம். எதிரியைக் கண்டால் அலறிக்கொண்டு ஓடுவான்.

ஒப்படைக்கும் முன் ஒரு சிறுவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பத்து வயதுத் தம்பியிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து கதாபாத்திரங்களையும் மாற்றி மாற்றி ஆடினான். மணியை மட்டும் தொடவில்லை.

"மணியையும் எடுத்துப் பாருடா."

"வேணாம்க்கா. அவன் ஓடத்தானே செய்வான்."

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பையன், தன்னைப் போல இருக்கும் ஒரே கதாபாத்திரத்தை வேண்டாம் என்கிறான். யார் மேல் கோபப்படுவது? மணியை எழுதியவள் நான்தான். குழுவில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "ஒரு சிரிப்புப் பாத்திரம் வேண்டும்" என்றார்கள். என் கை தானாக ஒரு தமிழ்ப் பையனை வரைந்தது.

அந்தக் கை எங்கே பழகியது என்று யோசித்தபோது, சிறு வயது முதல் நான் பார்த்துச் சிரித்த படங்கள் நினைவுக்கு வந்தன. காணொளி விளையாட்டை மையமாக வைத்து எடுக்கப்படும் அதிரடி நகைச்சுவைப் படங்களுக்கு இப்போது நல்ல காலம். 2017இல் வந்த 'ஜுமாஞ்சி: வெல்கம் டு த ஜங்கிள்' உலகெங்கும் 90 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. 2025இல் வந்த 'எ மைன்கிராஃப்ட் மூவி'யும் அந்த அளவைத் தொட்டது. இத்தகைய படங்களில் யாருக்கு எந்த வேடம் என்பதே பாதிக் கதை. ஆட்டத்தில் கதாபாத்திரத் தேர்வுத் திரை இருப்பதுபோல, இங்கேயும் ஒருவர் வீரர், ஒருவர் அறிவாளி, ஒருவர் பையைத் தூக்குபவர். அந்தத் திரையில் நமக்கு என்ன இடம்?

கோபாலுக்கு ஓர் இருக்கை

நம் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குவோம். 2025 டிசம்பரில் 'பாப்பா ஸோலா' திரைப்படம் மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தது. தம்பியை அழைத்துப் போனேன். பாப்பா ஸோலா யார் என்று என் வயதினருக்குச் சொல்லத் தேவையில்லை. 2011இல் டிவி3இல் தொடங்கிய 'போபோய்பாய்' கேலிச்சித்திரத் தொடரில், போபோய்பாயும் கோபாலும் ஆடும் காணொளி விளையாட்டின் நாயகன் அவர். திரைக்குள்ளிருந்து நிஜ உலகுக்கு வந்து, பூலாவ் ரிந்திஸ் பள்ளியில் ஆசிரியராகிவிடுவார். வாய் நிறைய வீரவசனம், செய்வது பாதி கோமாளித்தனம். அந்தத் துணைப் பாத்திரம் இன்று குடும்பத் தலைவராகத் தனிப்படம் பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சிரிப்புப் பாத்திரம் என்பதே தாழ்ந்த இடமன்று என்பதற்கு அவரே சாட்சி.

அதே தொடரில் கோபாலைப் பாருங்கள். போபோய்பாய் இடி, காற்று, நிலம் ஆகியவற்றை ஆள்வான். யாயாவுக்கு ஈர்ப்புவிசை, யிங்குக்கு வேகம், ஃபாங்குக்கு நிழல். கோபாலுக்குக் கிடைத்தது பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல். தொக் ஆபாவின் கொக்கோ கடையில் கடன் வைத்தவனும், பேயென்றால் நடுங்குபவனும் அவன்தான்.

கோபாலை எனக்குப் பிடிக்கும். அவன் நண்பனை விட்டு ஓடிப்போகிறவன் அல்லன். ஓர் உள்ளூர்த் தொடரில் இந்தியப் பையன் முதல் வரிசைக் குழுவில் ஒருவனாக இருப்பதே அன்று எங்களுக்குப் பெருமை. ஆனால் குரல் கொடுத்தவர்களின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். யிங்குக்குக் குரல் யாப் ஈ ஜீன், ஃபாங்குக்கு வோங் வாய் கே. கோபாலுக்குக் குரல் சுபிர் முகமட் ஸக்காரியா. அவர் திறமையானவர். கோபாலை நாடே நேசிப்பதற்கு அந்தக் குரல் ஒரு பெரிய காரணம். தமிழ்ப் பாத்திரத்துக்குத் தமிழர்தான் குரல் தர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நான் கேட்பது வேறு. "எங்கள் வீட்டில் அப்படிப் பேச மாட்டோம், இப்படிச் சொன்னால் இன்னும் சிரிப்பு வரும்" என்று சொல்ல ஒலிப்பதிவு அறையிலோ எழுத்து மேசையிலோ ஒருவர் இருந்திருந்தால், கோபால் இன்னும் செழுமையாக இருந்திருப்பானா? இருந்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

தயிரும் நூடுல்ஸும்

போபோய்பாய் தொடங்கிய அதே 2011இல், தீபாவளிக்கு 'ரா.ஒன்' வந்தது. அனுபவ் சின்ஹா இயக்கி ஷாருக் கான் நடித்த இந்திப் படம். தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. காணொளி விளையாட்டை மையமாகக் கொண்ட இந்தியப் படம் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அதில் விளையாட்டை உருவாக்குபவர் ஒரு தமிழர். பெயர் சேகர் சுப்ரமணியம். இலண்டனில் வேலை.

நல்ல செய்திதானே? படத்தைப் பார்த்தால் மகிழ்ச்சி நிலைக்காது. சேகர் நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையால் பிசைந்து உண்பார். தடுமாறுவார், விழுவார், வேடிக்கையான உச்சரிப்பில் பேசுவார். மகன் பிரதீக்குக்கே அப்பாவைக் கண்டால் கூச்சம். அவனுக்கு வில்லன்களைத்தான் பிடிக்கும். அவனைக் கவர்வதற்காகவே வெல்ல முடியாத வில்லன் ரா.ஒன்னைச் சேகர் படைக்கிறார். அர்ஜுன் ராம்பால் அந்த வேடத்தில் நடித்தார். பெயரை வேகமாகச் சொன்னால் 'ராவண்' என்று ஒலிக்கும். அதை எதிர்க்கும் நாயகன் ஜி.ஒன், அதாவது 'ஜீவன்', உயிர். ரா.ஒன் விளையாட்டிலிருந்து வெளியேறி சேகரைக் கொல்கிறது. பிறகு சேகரின் முகத்தோடு ஜி.ஒன் நிஜ உலகுக்கு வந்து, மனைவி சோனியாவையும் மகனையும் காக்கிறது.

சேகருக்கும் ஜி.ஒன்னுக்கும் முகம் ஒன்றே. ஆனால் சேகரிடம் தயிர் இருந்தது, தடுமாற்றம் இருந்தது. ஜி.ஒன்னிடம் நேர்த்தியான நீல உடை இருக்கிறது, தயிர் இல்லை. அந்தத் தமிழர் நாயகன் ஆக வேண்டுமானால், முதலில் சாக வேண்டும். பிறகு தமிழ்த்தன்மை கழுவப்பட்டுத் திரும்பி வர வேண்டும். படைப்பாளராக இருந்தும் சேகருக்குத் தன் ஆட்டத்திலேயே நிலையான இடம் கிடைக்கவில்லை. தயிர்க் காட்சி அப்போதே கண்டனத்துக்கு உள்ளானது. எனக்கு உறுத்துவது அந்தத் தயிரைவிட இந்த மாற்றம்தான்.

அதே படத்தில் ஒரு சிறு காட்சியில் ரஜினிகாந்த் 'சிட்டி'யாக வந்து போவார். அந்தச் சிட்டி பிறந்த 'எந்திரன்' வெளியானது அதற்கு ஓராண்டுக்கு முன், 2010இல். அதில் விஞ்ஞானி வசீகரனும் தமிழ் பேசுகிறார், இயந்திரமும் தமிழ் பேசுகிறது. சிட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறது, அச்சுறுத்துகிறது, இறுதியில் கலங்கவும் வைக்கிறது. நாயகனாவதற்காக மொழியை எங்கும் கழற்றி வைக்கவில்லை. ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்கள், இரண்டு கண்ணோட்டங்கள். ஒன்றில் நாம் வீட்டுக்காரர், மற்றொன்றில் விருந்தாளி.

பை தூக்குபவனின் கோபம்

அப்படியானால் சிரிப்புப் பாத்திரமே வேண்டாமா? 'ஜுமாஞ்சி' இதற்கு நல்ல விடை தருகிறது. நான்கு பதின்ம வயதினர் ஒரு பழைய விளையாட்டுக்குள் இழுக்கப்படுகிறார்கள். பயந்தாங்கொள்ளி ஸ்பென்சர் ட்வெய்ன் ஜான்சனின் உடலில், வீரர் பிரேவ்ஸ்டோனாக விழிக்கிறான். கூச்ச சுபாவமுள்ள மார்த்தா, கேரன் கில்லன் நடித்த ரூபி ரவுண்ட்ஹவுஸ் ஆகிறாள். கைப்பேசியில் தன்னையே படம் பிடித்துக்கொண்டிருந்த பெத்தனி, ஜேக் பிளாக்கின் உடலில் ஒரு நடுத்தர வயதுப் பேராசிரியராகிறாள். பள்ளியின் பெரிய ஆட்டக்காரன் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது கெவின் ஹார்ட்டின் குட்டை உருவம். அவன் வேலை பிரேவ்ஸ்டோனின் பையைத் தூக்குவது. பலவீனங்களின் பட்டியலில் கேக்கும் உண்டு. கேக் தின்றால் வெடித்துவிடுவான்.

என் மணிக்கும் இந்தக் கதாபாத்திரத்துக்கும் காகிதத்தில் அதிக வேறுபாடு இல்லை. இவனும் சிரிப்புக்கு வந்தவன், இவனுக்கும் சாப்பாட்டு நகைச்சுவை உண்டு. ஆனால் ஃப்ரிட்ஜ் தனக்குத் தரப்பட்ட இடத்தைப் பார்த்துக் கோபப்படுகிறான். "நான் ஏன் பை தூக்க வேண்டும்?" என்ற கேள்வியைப் படமே எழுப்புகிறது. உள்ளே இருப்பது யார், அவனுக்கு என்ன வேண்டும், எதில் வலிக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதனால் நாம் சிரிப்பது அவனுடைய நிலையைப் பார்த்து. சேகர் காட்சிகளில் நாம் சிரிப்பது ஒருவரின் உணவையும் உச்சரிப்பையும் பார்த்து. என்னைப் பொறுத்தவரை கோடு இங்கேதான் இருக்கிறது.

மணிக்கு உள்ளே யாருமே இல்லை. அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள், எதற்காகக் குழுவில் சேர்ந்தான் என்று நான் யோசித்ததே இல்லை. மற்ற ஐவருக்கும் அரைப் பக்கக் கதை எழுதியிருந்தோம். மணிக்கு ஒரே வரி: "பயந்து ஓடுவான், சாப்பிடுவான்."

வரைபவர் மேசையில் நாம்

"ஒரு கேலிச்சித்திரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இது இனி அயல்நாட்டாரின் தொழில் மட்டுமில்லை. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020இல் வெளிவந்த 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' அதிரடியும் நகைச்சுவையும் கலந்த இசை விளையாட்டு. அதன் நிறுவனர்களில் ஒருவரான வான் ஹஸ்மர், ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டசி 15' குழுவில் பணியாற்றியவர். அத்துறையினர் கூடும் 'லெவல் அப் கேஎல்' நிகழ்வை அரசு நிறுவனமான எம்டெக் நடத்தி வருகிறது. நாளைய கோபால்களும் சேகர்களும் இந்த நாட்டு மேசைகளிலேயே வரையப்படுவார்கள். அங்கே உட்காரப் போகிறவர்களில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் இருப்பார்கள்.

ஆனால் உட்கார்ந்தால் மட்டும் போதாது. நானும்தான் அந்த மேசையில் இருந்தேன். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி. இரண்டு மொழியிலும் கட்டுரை எழுதுவேன். இருந்தும் என் கை வரைந்தது பிறர் நம்மைப் பற்றி வரைந்த படத்தைத்தான். மற்றவர்கள் சிரிக்கும் முன் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று இடைநிலைப்பள்ளியில் கற்றுக்கொண்டேன் போலும். வகுப்பில் என் பெயரைச் சிதைத்துக் கூப்பிட்டபோது முதலில் சிரித்தவளும் நான்தான்.

மறுநாள் கேடிஎம் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்தவள், வகுப்புக்கு நேரம் இருந்ததால் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தேன். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பூக்கடை. அம்மா மாலை கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதிருக்கும் மகன் கல்லாவில் நின்றான். மலாய்க்கார அம்மையார் ஒருவருக்கு மலாயில் விலை சொன்னான். சீனப் பெரியவர் ஒருவரிடம் கண்டோனீஸில் இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்தான். திரும்பி, "அம்மா, சில்லறை தீர்ந்துபோச்சு" என்றான். நான் தேடிய மணி கல்லாவில் நின்றுகொண்டிருந்தான்.

குழுவில் பேசினேன். ஒப்படைக்க மூன்று நாளே இருந்தது. ஒரு நண்பர், "சிரிப்பு போய்விடுமே" என்று தயங்கினார். "போகாது, அவன் இன்னும் பயப்படுவான், வடையும் தின்பான்" என்றேன். புதிய மணியின் அம்மா பூக்கடை வைத்திருக்கிறார். அவனுடைய ஆற்றல் மொழி. மற்ற ஐவராலும் உடைக்க முடியாத கதவுகளை, காவலர்களிடம் அவரவர் மொழியில் பேசித் திறந்துவிடுவான். சில நேரம் மொழி மாறிப்போய் வம்பில் மாட்டுவான். அந்த இடத்தில்தான் குழுவில் எல்லாரும் அதிகம் சிரித்தார்கள்.

தமிழ் மாணவர்களே, ஓவியமோ கதையோ விளையாட்டோ எதை உருவாக்கினாலும், நம்மைப் போன்ற ஒருவரை அதில் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? விடை தெரிந்த பிறகு அவனைத் தாராளமாகச் சிரிப்புப் பாத்திரம் ஆக்குங்கள்.

தம்பியிடம் மீண்டும் மடிக்கணினியைக் கொடுத்தேன். முதலில் வில்லாளியை எடுத்தான், பிறகு சுவரேறியை. மூன்றாவதாக மணியை எடுத்தான். இரண்டாம் கட்டத்திலேயே தோற்றான்.

"என்னக்கா இது, மணி ரொம்ப மெதுவா ஓடறான். வேகத்தைக் கூட்டு" என்றான்.

கூட்டிவிட்டேன்.