வரன்முறை யாருக்கு, புல்டோசர் யாருக்கு?

சென்னைக்குக் குடிதண்ணி தருகிற ஏரிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு உடன்பாடுதான். காலகாலமாகத் தண்ணீர் மறுக்கப்பட்டவனுக்குத் தெரியாதா அதன் அருமை? ஆனால் காப்பாற்றுகிறோம் என்று கிளம்புகிற சட்டம் யார் மேல் பாய்கிறது, யாரைக் கண்டதும் பல்லிளிக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

மேலே பெய்கிற மழை வயல், தரிசு, வரத்துக்கால்வாய் வழியாகச் சின்ன ஏரிகளை நிரப்பி, கலங்கல் தாண்டி வந்தால்தான் பெரிய ஏரி நிறையும். 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் செம்பரம்பாக்கம் அப்படி நிறைகிற ஏரி. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் அதற்குத்தான் வருகிறது. அந்த நீர்ப்பிடிப்பில்தான் அரசே சிப்காட் வளாகங்களை உண்டாக்கியது. குறிப்பிட்ட ஆறுகள், நீர்த்தேக்கங்களிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகள் கூடாதென்று 1989இல் ஆணை எண் 213 போட்டதும் இதே அரசுதான். ஒரு கிலோமீட்டர்! மழைத்தண்ணி என்ன டேப் பிடித்து அளந்துகொண்டா ஓடிவருகிறது?

2007இல் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. எடுத்துப் படித்துப் பாருங்கள் தோழர்களே. பொதுப்பணித் துறையின் கையில் உள்ள ஏரிகளுக்குத்தான் அது. ஊராட்சியின் சின்ன ஏரிக்கும் குட்டைக்கும் அதில் இடமில்லை. அளப்பார்கள், கல் நடுவார்கள். கல்லுக்கு உள்ளே குடிசை இருந்தால் ஆக்கிரமிப்பு. கல்லுக்கு மேலே, தண்ணீர் தந்த வயலில் மண்ணைக் கொட்டி மனை போட்டவனுக்குப் பேர் 'புரமோட்டர்'.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் அரசு விதி செய்தது: பணம் கட்டு, வரன்முறை செய்துகொள். நீர்நிலைக்குள் கிடக்கிற மனைக்கு இது கிடையாதாம். சரி. நீர்நிலைக்கு மேலே கிடக்கிற மனைக்கு? கெடுவைப் பலமுறை நீட்டினார்கள்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டு அடையாறு பெருகியபோது, பழி கரையோரக் குடிசைகள் மேல் விழுந்தது. அந்தச் சனங்களுக்கு எந்தக் கெடுவும் நீளவில்லை. அள்ளிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் போட்டார்கள். அது என்ன மேட்டு நிலமா? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். மழை வந்தால் அங்கேயும் தண்ணிதான்.

கிராம சபை ஒன்றில், ஏரிக்கு மேலே வந்த மனைப்பிரிவின் கோப்பைக் காட்டச் சொன்னேன். "காலனிக்கு டேங்க் கட்டிக் குடுத்தாச்சில்ல தம்பி, அப்புறம் ஏரிப் பேச்சு உனக்கெதுக்கு?" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். டேங்க்கோடு நம் உரிமை முடிந்துபோகிறதாம். ஏரி ஊருக்குச் சொந்தமாம்.

பழைய கதைதான். பொதுக் குளங்களைத் தீண்டப்படாதாருக்குத் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சியும் போட்டது. இரண்டும் காகிதத்தில் கிடந்தன, 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்தில் இறங்கிக் குடிக்கும்வரை. குடித்தவர்களை அடித்தார்கள். பிறகு குளத்துக்குச் சாணியும் மூத்திரமும் ஊற்றித் 'தீட்டு' கழித்தார்கள்.

நீர்ப்பிடிப்பு நிலத்தின் சர்வே எண்களைக் கிராமம்தோறும் பலகையில் எழுது. ஊர் மந்தையில் மட்டும் வைக்காதே, காலனித் தெருவிலும் வை. சிப்காட்டுக்கும் மனைக்காரனுக்கும் அதே கல், அதே நோட்டீஸ். அதுவரை குடிசையைப் பிரிக்க வருகிற தாசில்தாரிடம், ஏரிக்கு மேலே உள்ள வயல்களின் வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் முதலில் கேட்போம்.