அம்மா படமும் பேனாப் பலகையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுப் பரணில் பழைய போட்டோ வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1971-ல் ராசிபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் எடுத்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் எழுபதுகளிலும் கறுப்பு வெள்ளைதான். அம்மா காலமான பிறகு அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, முப்பது வருடம் சாம்பிராணி காட்டினோம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரு விரிசல்.

போன பொங்கலுக்கு வந்த மகள்வழிப் பேரன் அதைச் செல்போனில் படமெடுத்து, ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டான். பத்து நொடி. "அமுச்சி, பாருங்க, புத்தம் புதுசாயிருச்சு" என்று நீட்டினான். விரிசல் இல்லை, கறை இல்லை, கலர்கூட வந்திருந்தது. ஆத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். அக்காவுக்கு எழுபதுக்கு மேல். உடனே போன் வந்தது. "யாரு கண்ணு இது? எந்தச் சீரியல்ல வர்றவ?"

அக்கா கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். செயலி விரிசலைச் சரிசெய்த கையோடு அத்தனை தழும்பையும் வழித்து எடுத்திருந்தது. நிறத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கியிருந்தது. மேலுதடு கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும், அதையும் நேராக்கிவிட்டது.

பேரனைக் குறை சொல்லவில்லை. அந்த நிரல் எங்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. அது பார்த்துப் பழகியது வேறு லட்சக்கணக்கான முகங்களை. ஓர் இடம் தெளிவாக இல்லையென்றால், மற்ற முகங்களில் அந்த இடம் எப்படி இருக்குமோ அப்படி ஊகித்து நிரப்பும். காகிதத்தில் விழுந்த விரிசலும் முகத்தில் விழுந்த தழும்பும் அதற்கு ஒன்றுதான். இரண்டுமே பழுது. அந்த வித்தியாசம் அம்மாவைத் தெரிந்த கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவனிடம் போனேன். "டீச்சர், மவுஸ்ல பண்ணுனா கை வலிதான் மிச்சமுங்க. பேனா டேப்லெட் வாங்கிக்குங்க" என்றான். திரை இல்லாத சின்னப் பலகை, ஒரு பேனா. மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பேனாவுக்குப் பேட்டரி கிடையாது, சார்ஜ் போடவும் வேண்டாம். பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள் எழுப்பும் மின்காந்த அலையிலேயே பேனா வேலை செய்கிறது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்கவே கூடாது என்றும் சொன்னான். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடுமாம். கண்ணாடியில் எதிரொளி விழாமல் கறுப்புத் துணி பிடித்துக் கேமராவில் எடுத்து, டிஃப் கோப்பாகக் கொடுத்தான். ஜேபெக் என்றால் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் குறையும்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்றும் சரியாக வரவில்லை. நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, டிரைவர். கணினியில் ஏற்கெனவே வேறு பலகையின் டிரைவர் இருந்தால் அதை நீக்கிவிட்டு, கணினியை ஒரு தடவை அணைத்துப் போட்டு, பிறகு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்குங்கள். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும்.

இரண்டாவது, அளவுப் பொருத்தம். நான் வட்டம் போட்டால் திரையில் முட்டை வந்தது. நாமக்கல் மாவட்டத்துக்காரிக்கு இது பொருத்தம்தான் என்று வீட்டில் சிரித்தார்கள். காரணம் சின்னது. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறு வேறு. டிரைவர் அமைப்பில் விகிதத்தைத் திரையோடு பொருத்தச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் வட்டமாகும்.

மூன்றாவது, அழுத்தம். இதுதான் உயிர். மெல்லத் தொட்டால் மங்கலாகவும் அழுத்தினால் அழுத்தமாகவும் விழவேண்டும். பெட்டியில் 8192 படி என்று போட்டிருந்தான், எனக்கு ஒரு படிகூட வரவில்லை. நான் பயன்படுத்துவது கிம்ப். காசில்லாத மென்பொருள். அதில் எடிட் பட்டியலில் இன்புட் டிவைசஸ் என்ற இடத்தில் பேனாவுக்கு நேரே டிசேபிள்ட் என்றிருந்தது. அதை ஸ்க்ரீன் என்று மாற்றி, பிரஷ் டைனமிக்ஸில் பிரஷர் ஒபாசிட்டி வைத்ததும் பேனாவுக்கு உயிர் வந்தது. அப்படியும் வராவிட்டால் டிரைவரில் விண்டோஸ் இங்க் என்ற கட்டத்தை மாற்றிப் பாருங்கள்.

நான்காவது, பேனாவை ஓரிடத்தில் வைத்து யோசித்தால் ஒரு வளையம் தோன்றி, வலது கிளிக் பட்டியல் விரியும். கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் பகுதியில் அதை நிறுத்திவிடலாம்.

இனி கைப்பழக்கம். கை மேசையில், கண் திரையில். முதல் மூன்று நாள் தலை சுற்றியது. டைப்ரைட்டிங் லோயர் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், விசைப்பலகையைப் பார்த்தால் மாஸ்டர் திட்டுவார். அதே கதை. பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் 'ழ' போடக் கற்றுக்கொடுத்தவள் நான். என் 'ழ' திரையில் நண்டு மாதிரி நடந்தது. பிறகு முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி கோடு, வட்டம், அ, ஆ என்று தினம் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வாரத்தில் கை படிந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகை எழுத்துக்காகத் தேய்த்த கை, அதை மறக்கவில்லை.

அப்புறம் வேலை. மூலப் படலத்தைத் தொடாமல் நகல் படலம் ஒன்று எடுத்துக்கொண்டு அதன்மேல்தான் செய்தேன். விரிசலை மட்டும், அதன் பக்கத்திலேயே இருக்கும் தோலிலிருந்து எடுத்து எடுத்து, மெல்ல மெல்ல மூடினேன். தினம் ஒரு மணி நேரம், இருபத்து மூன்று நாள். விரிசல் தழும்பைக் கடக்கும் இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

இங்கே ஒரு கேள்வி வரும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரரும் டச்சிங் செய்தவர்தானே? ஆமாம். நெகட்டிவைச் சாய்வு மேசையில் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். முகச் சுருக்கமும் தழும்பும் அப்படித்தான் மறையும். எங்கள் அம்மாவிடமும் கேட்டாராம். "வேண்டாங்க, இருக்கறது இருக்கட்டும்" என்றாராம் அம்மா. அப்பா சொல்லுவார். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார். இன்றைக்கு அம்மா இல்லை. கேட்க முடியாத இடத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் மரியாதை. என் கருத்து இவ்வளவுதான். காகிதத்தின் பழுதைச் சரிசெய்யுங்கள், மனிதரின் முகத்தைச் சரிசெய்யாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். 1977-ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். என் பேரனுக்கு அம்மைத் தழும்பு என்றால் என்னவென்றே தெரியாது, தெரியாமலிருப்பது நல்லதும்கூட. ஆனால் ஒரு தலைமுறை எதைத் தாண்டி வந்தது என்பதற்கு அந்த முகங்கள்தான் சாட்சி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி மின்படியாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு மதிப்புள்ள பொருளை நாம் ஒரு செயலியில் போட்டு வழித்துவிட்டு, மூலத்தைக் குப்பையில் போடுகிறோம்.

ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வானத்தில் விழுந்த கறை, சுவரில் விழுந்த கறை, அதெல்லாம் அது செய்யட்டும். முகத்தை மட்டும் நம் கையில் வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற நமக்கு நேரம் இருக்கிறது, கையெழுத்துப் பழகிய கையும் இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று கேட்கிறீர்கள். அரசுப் பள்ளி ஹைடெக் லேப்களுக்கு இரண்டு பேனாப் பலகை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டி படங்களைக் கொண்டுவரட்டும்.

திருத்திய படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. சாயங்காலம் போன் செய்து, "மூக்குத்திப் பக்கத்துல இருக்கற பெரிய தழும்பு, அதத் தொட்டுத் தொட்டுத்தான் நான் தூங்குவேன்" என்றாள்.

ராசிபுரம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்காவது பலகையை அமைக்கத் தெரியவில்லையென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம். படத்தில் இருப்பவர் பெயரை, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.