ஆறிய தழும்பும் ஆறாத வலியும்



மூங்கில்துறைப்பட்டில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்றேன். "தழும்பு ஆறி ஈராண்டாயிற்று, இன்னும் என்ன வலி?" என்று வீட்டார் சலித்துக்கொண்டனர். அவரோ, "இது என் சிலுவை, சாமி" என்று மருந்தையும் மறுத்துவிட்டார்.

அவ்வலி பொய்யன்று. அறுவையின்போது சேதமுற்ற நரம்பு, புண் ஆறிய பின்னும் எரிச்சலாகவும் மின்னதிர்ச்சி போலவும் மூளைக்குச் செய்தி அனுப்பக்கூடும். புற்றுநோய் மருந்தாகிய ஆக்சாலிபிளாட்டினும் கைகால் நரம்புகளைத் தாக்குவதுண்டு. வழக்கமான வலிமாத்திரைகளுக்கு இவ்வலி பெரும்பாலும் அடங்காது. மருத்துவர் தரும் அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்றவை பலருக்குத் துணைபுரிகின்றன.

வலி தணிக்கும் மருந்தை ஏற்பது குற்றமன்று எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே தெளிவுபடுத்தினார். அதை எடுத்துரைத்தேன். பெரியவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "மகன் கூட வந்தால் போகிறேன்" என்றார்.

நோயாளிக்கு முதல் மருந்து, அவர் சொல்வதை நாம் நம்புவதே.