குற்றப்பத்திரிகையில் இடம்பெறாத பக்கங்கள்

ஒரு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்கு வருகிறது. ஆயிரம் பக்கங்கள் இருந்தாலும் அவை காவல்துறை தேர்ந்தெடுத்துக் கொடுத்தவைதான். விசாரணையில் கிடைத்தும் அரசுத் தரப்புக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டவை எங்கே போகின்றன?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் மூலம் பதில் சொன்னது. 1986-இல் அங்கே மைக்கேல் மார்ட்டன் என்பவரின் மனைவி வீட்டிலேயே கொல்லப்பட்டார். மறு ஆண்டு மார்ட்டனுக்கு ஆயுள் தண்டனை. அப்பா அப்போது வீட்டில் இல்லை, வேறொருவர்தான் அம்மாவை அடித்தார் என்று அவரது மூன்று வயது மகன் பாட்டியிடம் சொல்லியிருந்தான். பாட்டி அதைக் காவல்துறையிடம் சொன்னார். வீட்டருகே பச்சை நிற வேன் ஒன்று நின்றதை அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தனர். இரண்டும் கோப்பில் இருந்தன. அவரது வழக்கறிஞர்களுக்குக் கிடைக்கவில்லை. டி.என்.ஏ. சோதனையால் 2011-இல் அவர் வெளியே வந்தபோது ஏறக்குறைய 25 ஆண்டுகள் போயிருந்தன. ஆதாரத்தை மறைத்த அரசு வழக்கறிஞர் கென் ஆண்டர்சன் இடைப்பட்ட காலத்தில் நீதிபதியாகவும் ஆகியிருந்தார். அவருக்குக் கிடைத்த சிறைத் தண்டனை 10 நாள்!

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மறைத்தார்கள். அதனால்தான் 2013-இல் 'மைக்கேல் மார்ட்டன் சட்டம்' வந்தது. அதன்படி சாதகமான ஆதாரத்தைக் கேட்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். என்னென்ன கொடுத்தோம் என்பதைப் பதிவு செய்யவும் வேண்டும்.

நம் நாட்டின் நிலை வேறு. தாங்கள் சார்ந்திராத வாக்குமூலங்கள், ஆவணங்கள், சான்றுப் பொருட்களின் பட்டியலை அரசுத் தரப்பு கொடுக்க வேண்டும் என்று 2021-லும், மனோஜ் வழக்கில் 2022-லும் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நகல்களை 14 நாட்களுக்குள் தர வேண்டும் என்று அதன் 230-ஆவது பிரிவு கெடு வைத்தது நல்லதுதான். ஆனால் இந்தப் பட்டியலைப் பற்றி அங்கே ஒரு வரி இல்லை. பழைய 207-ஆவது பிரிவே ஏறக்குறைய அப்படியே எண் மாறி வந்திருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கண்முன்னே இருந்தும் அதைச் சட்டமாக்காதது சாதாரண விடுபடல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊபா வழக்குகளில் இதன் பாதிப்பு அதிகம். காவல்துறை தரும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை எனத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது 43டி(5) பிரிவு. ஒதுக்கப்பட்டவற்றின் பட்டியலோ வழக்கு விசாரணை தொடங்கும் கட்டத்தில்தான் கிடைக்கும். அந்தக் கட்டம் வருவதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன.

சட்டம் மாறும்வரை, வழக்கைச் சந்திக்கும் குடும்பத்தினர் தங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கேட்க வேண்டும்: அந்தப் பட்டியலைக் கோரி மனு போட்டாயிற்றா? பட்டியல் கையில் வந்தால், அதிலுள்ள ஆவணத்தை வரவழைக்க 94-ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.