யாரிடம் மனந்திறப்பது?



1983 கலவரத்துக்குப் பின் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் அது. 2009 இல் கணவரைப் பறிகொடுத்த அக்கா, மகளோடு மீண்டும் லயத்துக்கே வந்தார். இரவில் உறக்கமில்லை. நான்தான் உளவளத்துணைக்கு அனுப்பினேன். ஒரு தடவையோடு நின்றுவிட்டார்.

"அவருக்குத் தமிழ் தெரியாது தங்கச்சி. மகள்தான் சிங்களத்தில சொன்னா. பிள்ளைக்கு முன்னால எதைச் சொல்ல?" என்றார்.

மொழியைக்கூட விசாரிக்காமல் அனுப்பியது என் பிழை.

ஆகவே, போகுமுன் கேளுங்கள். தமிழில் பேசுவாரா? பெண் ஒருவர் இருக்கிறாரா? என்ன பயிற்சி பெற்றவர்? நான் சொல்வதை யாரிடமாவது சொல்வாரா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல உளவளத்துணையாளர் பொறுமையாகக் கேட்பார். "மறந்துவிடு" என்று அவசரப்படுத்த மாட்டார். இரண்டு மூன்று சந்திப்பின் பின்னும் மனம் ஒட்டாவிட்டால் வேறொருவரிடம் போகலாம்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை விசாரியுங்கள். பதுளை அரச வைத்தியசாலையில் உளநல வைத்தியரைக் காணக் கட்டணமில்லை. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்துடன் பேசலாம். உயிரை மாய்க்கத் தோன்றினால் மட்டும் ஆள் தேடித் தாமதிக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள்.

அக்கா இப்போது தமிழ் பேசும் பெண்ணொருவரிடம் போகிறார். மகள் வெளியே வாங்கில் காத்திருக்கிறாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.